நூலின் மறுமுனை



சென்னை விமான நிலையத்தில்தான், ஜப்பான் சுற்றுலாவுக்குக் கிளம்பிய நாங்கள் 22 பேரும் முதன்முதலாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், ஒரு துணிக்கடைக்காரர், தூத்துக்குடி அண்ணாச்சி ஒருவர், எல்லோருக்கும் மூத்தவராகக் கும்பகோணத்துப் பாட்டி. கூடவே வந்த வழிகாட்டிப் பெண், போகிற இடத்திலெல்லாம் மஞ்சள் கொடியை உயர்த்தி எங்களை எண்ணுவார். டோக்கியோவில் இருந்த இரண்டு நாளும் அவரவர் பை, அவரவர் படம் என்றே கழிந்தது.

மூன்றாம் நாள் காலை ஷின்கான்சென் ஏறினோம். புல்லட் ரயில் என்கிறோமே, அதுதான். 1964 அக்டோபர் 1ஆம் தேதி, டோக்கியோ ஒலிம்பிக் தொடங்க ஒன்பது நாள் இருக்கும்போது ஓட ஆரம்பித்தது. எந்தப் பெட்டி எங்கே வந்து நிற்கும் என்று நடைமேடைத் தரையிலேயே குறித்திருக்கிறார்கள். வண்டி அந்தக் குறியில் வந்து நிற்கிறது. கியோட்டோவில் நிற்பது ஒன்றிரண்டு நிமிடம்தான், அதற்குள் எல்லோரும் இறங்கியாக வேண்டும் என்று வழிகாட்டி முதல் நாளே சொல்லியிருந்தார்.

புறப்பட்டு முக்கால் மணி நேரத்தில் வலப்பக்க ஜன்னலில் ஃபியூஜி மலை. 3,776 மீட்டர். மேகம் மூடாத ஃபியூஜி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஜன்னலோரம் இருந்த துணிக்கடைக்காரர் சட்டென்று எழுந்து, "பாட்டி, நீங்க வாங்க" என்றார். அவரைப் பார்த்து அடுத்த வரிசையும் எழுந்தது. மலை கண்ணில் இருந்த அந்தச் சில நிமிடத்தில், யாரும் சொல்லாமலே இடம் மாற்றிக்கொடுத்து எல்லோரும் பார்த்துவிட்டோம். கியோட்டோவில் பெட்டிகள் கைக்குக் கை மாறி இறங்கின. தன் பெட்டியை இறக்கியது யார் என்று பாட்டிக்கே தெரியாது.

சாப்பாட்டைச் சொல்லியாக வேண்டும். எங்களில் ஒன்பது பேர் சைவம். காய்கறி சூப்தானே என்று ஆசிரியை ஒருவர் கிண்ணத்தை எடுத்தபோது, அண்ணாச்சி மோந்து பார்த்துத் தடுத்தார். "அக்கா, மாசி வாடை அடிக்கி, வேண்டாம்." சரியாகத்தான் சொன்னார். சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, கட்டையாகக் காயவைத்து, மெல்லச் சீவிக் கொதிக்கவிட்டு எடுக்கும் சாறு ஜப்பானியச் சமையலில் எத்தனையோ பதார்த்தங்களுக்கு அடிப்படை. 'தாஷி' என்கிறார்கள். நம் மாசிக்கருவாட்டுக்கு நெருங்கிய சொந்தம். மீன் கண்ணில் படாது, சாறாகக் கலந்திருக்கும். அன்று மாலை புத்தமடத்துச் சமையலான 'ஷோஜின் ர்யோரி' கிடைக்கும் இடத்துக்கு வழிகாட்டி அழைத்துப் போனார். அங்கே சாறு எடுப்பது கடற்பாசியிலும் காளானிலும். அண்ணாச்சியும் எங்களோடு உட்கார்ந்து அதையே சாப்பிட்டார்.

அடுத்து ஹிரோஷிமா. அங்குள்ள அருங்காட்சியகத்தில் ஒரு மூன்று சக்கர சைக்கிள் இருக்கிறது. 1945 ஆகஸ்ட் 6, காலை 8.15 மணிக்கு அணுகுண்டு விழுந்தபோது ஷினிச்சி என்ற மூன்று வயதுப் பையன் அதில் விளையாடிக்கொண்டிருந்தான். அன்றிரவே போய்விட்டான். அவனைத் தனியே விட மனம் வராத தந்தை, வீட்டுத் தோட்டத்தில் சைக்கிளையும் அவனோடு சேர்த்துப் புதைத்தார். 40 ஆண்டு கழித்து, 1985இல் தோண்டி எடுத்து அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். வெளியே வந்த பிறகு எங்களில் ஒருவரும் படம் எடுக்கவில்லை. ஆற்றங்கரையில் உட்கார்ந்தோம். "என் பேரனுக்கும் அந்த வயசுதான்" என்றார் ஆசிரியை. பாட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். தனியாக வந்து இதைப் பார்த்திருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியாது.

கடைசி நாள் நாரா. தோதாய்ஜி கோயிலில் சுமார் 15 மீட்டர் உயரத்தில் வெண்கலப் புத்தர். 752ஆம் ஆண்டில் இவருக்குக் கண் திறந்தவர், இந்தியாவிலிருந்து கடல் கடந்து போன போதிசேனர் என்ற துறவி. தூரிகையால் விழியில் மை தீட்டும் சடங்கு அது. அந்தத் தூரிகையில் நீளமாக நூல் கட்டி, கூடியிருந்தவர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள், கண் திறந்த புண்ணியம் அவர்களுக்கும் சேரட்டும் என்று. 1,200 ஆண்டுக்கு மேலாகியும் அந்தத் தூரிகையும் நூலும் நாராவின் ஷோசோயின் கருவூலத்தில் பத்திரமாக இருக்கின்றன. இதைக் கேட்டதும் பாட்டி புத்தரை அண்ணாந்து பார்த்து, வெகுநேரம் நின்றார்.

வெளியே மான்களுக்குப் பிஸ்கட் வாங்கிப் பிரித்துக் கொடுத்துவிட்டு, விமான நிலையத்துக்குப் போகும் பஸ்ஸில் ஏறினோம். வழிகாட்டி கொடியைச் சுருட்டிவிட்டு எண்ணத் தொடங்கினார். அதற்குள் பாட்டி எண்ணி முடித்திருந்தார்.

"எல்லாரும் வந்தாச்சும்மா. வண்டிய எடுக்கச் சொல்லு."