தாய்ப்பாலும் குழந்தையின் உறக்கமும்



குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் புகட்டல் வேண்டும். ஆறு திங்கள் வரை தண்ணீரும் வேண்டா. சீம்பாலே நோய் தடுக்கும் முதல் மருந்து. ஆயினும் அதனைப் பீய்ச்சி எறிந்துவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டும் வழக்கம் இன்னும் முற்றும் ஒழியவில்லை.

உறங்கும் குழந்தையை ஓராண்டு வரை மல்லாத்தியே கிடத்த வேண்டும். அமெரிக்காவில் 1994-இல் இதற்கெனப் பிரசாரம் தொடங்கியபின், உறக்கத்தில் நேரும் திடீர்ச் சிசு மரணம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. குப்புறக் கிடத்தினால் அயர்ந்து தூங்கும் என மூத்தோர் கூறுவது அன்பினாலே. எனினும் அது ஆபத்தானது.

இவற்றையெல்லாம் அறிந்த இளந்தாயும் தன் விருப்பப்படி நடக்க இயலுவதில்லை. மாமியாரின் சொல், செவிலியரின் ஊக்கம், கூலி வேலையின் நெருக்கடி ஆகியவையே அவளுக்காக முடிவு செய்கின்றன. பேறுகால ஓய்வு நாட்டின் நலனுக்கே என்று 1928-இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் வாதாடினார் அண்ணல் அம்பேத்கர். 2017-இல் ஊதியத்துடன் கூடிய விடுப்பு 26 வாரமாக உயர்ந்தது. அன்றாடக் கூலிக்குக் களையெடுக்கும் நம் சகோதரிக்கோ அது எட்டவில்லை.

ஆகவே, இளைஞர்களே! தாயைக் குறை கூறாதீர்கள். அந்த ஆறு திங்களும் அவள் வயலுக்குச் செல்லாதிருக்க வீட்டின் சுமையை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். பெரியோரிடமும் பணிவுடன் எடுத்துரையுங்கள்.