கடவுச்சீட்டும் கடிகாரமும்

(தெமோதரையில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களும் மாணவர்களும் கூடியிருந்த கூட்டத்தில், சட்டத்தரணியும் அரசியல் ஊழியருமான ஒருவர் ஆற்றிய உரை.)



உங்கள் ஊரின் புகையிரத நிலையத்தைக் காண உலகின் பல திசைகளிலிருந்தும் மக்கள் வருகிறார்கள். 1924ஆம் ஆண்டு இருப்புப்பாதை பதுளையை எட்டியது. இந்த நிலையத்தில் நின்று புறப்படும் பதுளை வண்டி, மலையைச் சுற்றி வளைந்து இறங்கி, சற்று முன்னர் தான் நின்றிருந்த அதே நிலையத்தின் அடியில் குடையப்பட்ட சுரங்கத்தினுள் நுழைந்து செல்கிறது. சுற்றினாலும் அந்த வண்டி ஊர் போய்ச் சேருகிறது. எங்கும் போய்ச் சேராத ஒரு சுற்றைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேச வந்திருக்கிறேன். காகிதத்தின் சுற்று அது. அதில் அகப்பட்டுக்கொண்ட நம் பிள்ளை ஒருத்தியின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பெயரும் தோட்டமும் வேண்டாம். அவள் உங்கள் வீட்டுப் பிள்ளை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தாய் கொழுந்து பறிப்பவர். தந்தை மலையில் கவ்வாத்து வெட்டியவர். மகள் பல்கலைக்கழகம் சென்று பட்டம் பெற்றாள். மேற்படிப்புக்கு இங்கிலாந்திலே இடம் கிடைத்தது. நகை அடகுக் கடைக்குப் போயிற்று; சேமலாப நிதிப் பணமும் போயிற்று. அவளிடம் கடவுச்சீட்டு ஒன்று முன்பே இருந்தது. பதினாறு வயதில், குடும்பத்தோடு தமிழகத்துக் கோயில்களுக்கு யாத்திரை போவதற்காக எடுத்தது அது. பத்தாண்டு ஆயுள். அவள் விமானம் ஏறியபோது அதில் ஓராண்டும் சில மாதங்களுமே எஞ்சியிருந்தன. “இருக்கிறதே, போதும்” என்று எல்லோரும் எண்ணினார்கள். நானும் அப்படித்தான் எண்ணியிருப்பேன்.

படிப்பு நீண்டது. தங்கும் அனுமதியை நீடிக்க வேண்டிய வேளை வந்தது. அதே வேளையில் கடவுச்சீட்டும் காலாவதியாகிக்கொண்டிருந்தது. புதியதற்கு அங்குள்ள நம் நாட்டுப் பிரதிநிதி அலுவலகத்தில் விண்ணப்பித்தாள். விண்ணப்பம் கொழும்புக்கு வந்தது. கொழும்பிலிருந்து வினா ஒன்று திரும்பிப் போயிற்று: பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் தந்தையின் பெயர் ஒருவகை எழுத்தில், அடையாள அட்டையில் வேறுவகை எழுத்தில், திருத்திக்கொண்டு வா என்று. திருத்துவதற்குப் பதுளைக்கு வந்தால், விண்ணப்பதாரியின் கையொப்பமும் சத்தியக்கடதாசியும் வேண்டும் என்றார்கள். அவளோ கடல் கடந்து இருக்கிறாள். புறப்பட்டு வந்தால் படிப்புப் போகும். வராவிட்டால் கடவுச்சீட்டு வராது. கடவுச்சீட்டு வராவிட்டால் அனுமதி நீளாது. இதுதான் அந்தச் சுற்று!

இந்த நேரத்தில் தரகர் ஒருவர் அவளுக்குப் புத்தி சொன்னார்: “புதிய கடவுச்சீட்டு கைக்கு வரட்டும், அதன் பிறகு விசாவுக்கு விண்ணப்பிக்கலாம், பொறு” என்றார். அவள் பொறுத்தாள். கடவுச்சீட்டு வருமுன் அனுமதியின் கடைசி நாள் வந்து போயிற்று. சட்டத்தின் கண்ணில் அவள் மாணவி என்ற நிலையை இழந்தாள். முடிவில் பட்டமில்லாமல் திரும்பினாள். கடன் மட்டும் முழுமையாக இருக்கிறது.

தோழர்களே, அவள் செய்த குற்றம் என்ன? படிக்கத் தவறினாளா? பணம் கட்டத் தவறினாளா? இல்லை. இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன என்பதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. கடவுச்சீட்டின் கடிகாரம் ஒன்று. அதை ஓட்டுவது நம் நாட்டு அரசு. அனுமதியின் கடிகாரம் மற்றொன்று. அதை ஓட்டுவது அந்நிய அரசு. ஒன்று தாமதித்தால் மற்றது நின்று காத்திருக்காது.

ஆகவே, சட்டம் படித்தவன் என்ற முறையில் சில காரியங்களைத் தெளிவாகச் சொல்கிறேன். மாணவர்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலாவது, புறப்படுவதற்கு முன் கடவுச்சீட்டின் ஆயுளைப் பாருங்கள். படிப்புக் காலத்தையும் அதற்கு மேல் ஓராண்டையும் அது தாங்காவிட்டால், இங்கேயே புதியதை எடுத்துக்கொண்டு அதில் விசாப் பெறுங்கள். பத்தரமுல்லையில் ஒரு நாள் காத்திருப்பது, அந்நிய மண்ணில் பல மாதம் தவிப்பதைவிட எளிது.

இரண்டாவது, வெளிநாட்டில் இருக்கும்போது காலாவதியாகும் என்றால், குறைந்தது ஒன்பது மாதங்களுக்கு முன்னரே தூதரகத்திலோ உயர் ஸ்தானிகராலயத்திலோ விண்ணப்பித்துவிடுங்கள். அங்கே கொடுக்கும் விண்ணப்பம் கொழும்பிலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கு வந்து, சீட்டு இங்கிருந்து போக வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். 2024ஆம் ஆண்டில் வெற்றுக் கடவுச்சீட்டுகளுக்கே தட்டுப்பாடு வந்து, பத்தரமுல்லையில் மக்கள் இரவிரவாக வரிசையில் நின்றதை மறக்க வேண்டாம்.

மூன்றாவது, இதுவே முக்கியமானது. கடவுச்சீட்டு வரவில்லை என்பதற்காக அனுமதி நீடிப்பு விண்ணப்பத்தை ஒருபோதும் கடைசி நாளுக்கு அப்பால் தள்ளாதீர்கள். இங்கிலாந்தில் 1971ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்தில் 3சி என்றொரு பிரிவு உண்டு. பழைய அனுமதி உயிரோடிருக்கும்போதே முறைப்படி விண்ணப்பித்தவருக்கு, முடிவு வரும் வரையில் பழைய அனுமதியை அது நீடித்துக் காக்கிறது. ஒரு நாள் பிந்தியவருக்கு அந்தக் குடை இல்லை. குடையின் கீழ் நிற்பவரும், முடிவு வருமுன் நாட்டைவிட்டு வெளியேறினால் விண்ணப்பத்தைக் கைவிட்டவராகிறார். ஜப்பானில் அனுமதி முடிவதற்கு மூன்று மாதம் முன்பிருந்தே நீடிப்புக்கு விண்ணப்பிக்கலாம். காலத்தில் விண்ணப்பித்தவர், முடிவு வரும் வரையில், அல்லது பழைய அனுமதி முடிந்து இரண்டு மாதம் வரையில், இவற்றுள் எது முந்தியதோ அதுவரை சட்டப்படி தங்கலாம். நாட்டுக்கு நாடு விதி மாறும். ஆனால் காலத்தில் கதவைத் தட்டியவனுக்கும் பிந்தி வந்தவனுக்கும் உள்ள வேறுபாடு எங்கும் பெரியது.

“கையில் செல்லுபடியான கடவுச்சீட்டு இல்லாமல் எப்படி விண்ணப்பிப்பது?” என்று கேட்பீர்கள். பழைய கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு, புதியதற்கு விண்ணப்பித்த பற்றுச்சீட்டை இணைத்து, தாமதம் உங்கள் கைக்கு அப்பாற்பட்டது என்பதை எழுத்தில் விளக்குங்கள். அதை ஏற்பதா இல்லையா என்பது அந்த நாட்டின் விதியையும் அதிகாரியையும் பொறுத்தது. வெற்றி நிச்சயம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எழுதியவனுக்கு வழக்கு உண்டு. எழுதாதவனுக்கு வழக்கே இல்லை. உங்கள் கல்லூரியில் வெளிநாட்டு மாணவர்களுக்கு உதவும் அலுவலகம் இருக்கும். தரகரிடம் போகுமுன் அங்கே போங்கள்.

நான்காவது, புதிய சீட்டு கிடைத்ததும் வேலை முடிந்தது என்று எண்ணாதீர்கள். இங்கிலாந்தில் இப்போது அனுமதி என்பது கையில் பிடிக்கும் அட்டை அன்று, கணினிப் பதிவு. புதிய கடவுச்சீட்டின் இலக்கத்தை அந்தப் பதிவில் சேர்க்காவிட்டால் விமான நிலையத்தில் தடுமாற நேரும். ஆஸ்திரேலியாவிலும் புதிய இலக்கத்தை அறிவித்தாக வேண்டும். பழைய சீட்டையும் எறிந்துவிடாதீர்கள். அதுவும் உங்கள் சரித்திரம்.

ஐந்தாவது, பெற்றோர்களே, இது உங்களுக்கு. பிள்ளை பிறந்த அன்று எழுதப்படும் எழுத்தைப் பாருங்கள். நம் பெயர் தோட்டத்து அலுவலகத்தில் ஒரு விதமாகவும், பதிவாளரிடம் வேறொரு விதமாகவும், பள்ளிக்கூடத்தில் மூன்றாவது விதமாகவும் எழுதப்படுகிறது. இராமசாமி ஓரிடத்தில் ராமசாமி, மற்றோரிடத்தில் ரம்சாமி. ஓர் எழுத்துத்தானே என்று விட்டுவிடுகிறோம். அந்த ஓர் எழுத்து இருபத்தைந்து ஆண்டு கழித்துக் கடல் கடந்து வந்து பிள்ளையின் காலைப் பிடிக்கிறது. பிள்ளை ஊரில் இருக்கும்போதே திருத்திக்கொள்ளுங்கள்.

இப்போது சிலர் கேட்கலாம்: “ஐயா, நாட்சம்பளம் போதவில்லை, லயத்துக் கூரை ஒழுகுகிறது, இந்த நேரத்தில் கடவுச்சீட்டுக் கதை எதற்கு?” என்று. நல்ல கேள்வி. அதற்கு நம் பாட்டன் காலத்திலிருந்து விடை சொல்ல வேண்டும்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. இந்த மண்ணில் பிறந்தவனைப் பார்த்து, உன் தந்தை இங்கே பிறந்தார் என்று காட்டு. அன்றேல் உன் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்கள் என்று காட்டு என்றது அந்தச் சட்டம். காட்டை வெட்டித் தேயிலை நட்டவனிடம் கையில் காய்ப்பு இருந்தது; காகிதம் இல்லை. 1949ஆம் ஆண்டு இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் வந்தது. 1951 ஆகஸ்டோடு விண்ணப்பக் காலம் முடிந்தது. ஏறத்தாழ 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. பிரஜாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேர் மட்டுமே. மற்றவர்கள் நாடற்றவர்கள் என்றாயினர்.

பிறகு, 1964 அக்டோபர் 30ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று எண்ணிப் பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டில் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். ஒரே லயத்தில் அண்ணனுக்கு ஒரு நாடு, தம்பிக்கு ஒரு நாடு. எஞ்சியிருந்தோருக்கு 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டமும், இறுதியாக 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் வழி திறந்தன. 1948இலிருந்து 2003 வரை 55 ஆண்டுகள்! ஒரு சமுதாயம் தன் காகிதத்துக்காகக் காத்திருந்த காலம் அது.

அந்த 55 ஆண்டுகளின் மறுமுனையிலே நிற்பதுதான் இன்று நம் மாணவனின் கையில் உள்ள கடவுச்சீட்டு. பாட்டனுக்கு மறுக்கப்பட்டதைப் பேரன் அசட்டையால் இழக்கலாமா? கூலிப் போராட்டமும் காகிதப் போராட்டமும் வேறுவேறு அல்ல. கூலி இன்றைய அடுப்புக்கு. காகிதம் நாளைய தலைமுறைக்கு.

இதுவரை நம் கடமையைச் சொன்னேன். அரசின் கடமையையும் சொல்லியாக வேண்டும். குடிமகன் காலந்தவறினால் தண்டனை உண்டு. அலுவலகம் காலந்தவறினால் என்ன? வெளிநாட்டிலிருந்து வரும் மாணவர் விண்ணப்பங்களுக்கு, இத்தனை நாளுக்குள் சீட்டு அல்லது எழுத்து மூலமான காரணம் என்று அரசு எல்லை வகுக்க வேண்டும். அனுமதி முடியும் நிலையிலுள்ள மாணவரின் விண்ணப்பம் முன்னால் எடுக்கப்பட வேண்டும். கண்டியிலும், மாத்தறையிலும், வவுனியாவிலும், குருநாகலிலும் பிராந்திய அலுவலகங்கள் உண்டு. 2025 செப்டெம்பரில் யாழ்ப்பாணத்திலும் திறந்தார்கள். மகிழ்ச்சி. அதே உரிமையோடு ஊவா மக்களுக்காகப் பதுளையிலும் ஒன்று கேட்கிறோம். லயத்து வீடு ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி கேட்கிறோம். திணைக்களத்தின் கடிதம் தோட்டத்து அலுவலக மேசையில் கிடந்து மஞ்சளாகக் கூடாது.

கேட்பதற்குச் சட்டமும் நம் கையில் இருக்கிறது. தமிழிலே எழுதித் தமிழிலே பதில் பெறும் உரிமையை அரசியலமைப்புத் தந்திருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, “என் விண்ணப்பம் எந்த மேசையில் இருக்கிறது?” என்று கேட்டால், தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அதிகாரி தீர்மானித்தாக வேண்டும். கெஞ்ச வேண்டாம், கேளுங்கள். கேட்டதன் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

இறுதியாக, இளைஞர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். ஒவ்வொரு தோட்டத்திலும் இருவர் முன்வாருங்கள். ஒரு கொப்பி வாங்குங்கள். வீடு வீடாகச் சென்று, யாருக்குப் பிறப்பத்தாட்சிப் பத்திரம் இல்லை, யாருடைய பெயரில் எழுத்துப் பிழை, யாருடைய அடையாள அட்டை தொலைந்தது, எந்தப் பிள்ளை எந்த நாட்டில் படிக்கிறது, அவன் கடவுச்சீட்டு எந்த மாதம் முடிகிறது என்று எழுதுங்கள். பத்திரங்களைத் திருத்தும் வேலைக்கு வாரம் ஒரு நாள் நான் வருகிறேன், கட்டணம் வேண்டாம். சென்ற மாதம் திரும்பி வந்த அந்தப் பெண்ணும் வருவாள். எந்தப் படிவத்தை எங்கே நிரப்ப வேண்டும் என்று நம் எல்லோரையும்விட அவளுக்கு இப்போது நன்றாகத் தெரியும். “எனக்கு நேர்ந்தது அடுத்தவளுக்கு நேரக் கூடாது” என்று அவளே சொல்லி, கொப்பியின் முதல் பக்கத்தைக் கேட்டிருக்கிறாள்.

அவளுக்கு அந்தப் பக்கத்தைக் கொடுங்கள். மற்றப் பக்கங்களை நீங்கள் நிரப்புங்கள்.