பருந்துக்கும் அருள்



சிபியின் கதையை அறியாத தமிழர் இலர். சோழர் தம் குலமுதல்வருள் ஒருவனாகப் போற்றிய மன்னன் அவன். அடைக்கலம் புகுந்த புறாவின் எடைக்கு ஈடாகத் தன் தசையை அரிந்து துலாத்தட்டில் இட்டான். புகழெல்லாம் மன்னனுக்கு, இரக்கமெல்லாம் புறாவுக்கு. துரத்தி வந்த பறவைக்கும் பசி உண்டு என்பதையும், அப்பசிக்கு விடை சொல்லவே தசை அரியப்பட்டது என்பதையும் நினைப்பார் அரியர். அந்தப் பறவையே அடிபட்டு வந்து அடைக்கலம் கேட்டால் என் செய்வது?

தில்லியில் இவ்வினா கற்பனையன்று. கரும்பருந்துகள் மிகுந்து வாழும் நகரம் அது. ஆகஸ்டு 15ஐ ஒட்டிய நாட்களில் அங்கே வானமெங்கும் பட்டங்கள். கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சா நூல், பறந்து வரும் பருந்தின் கண்ணுக்கு எளிதில் புலப்படுவதில்லை. தோளுக்கும் மணிக்கட்டுக்கும் இடையே விரியும் இறக்கைத் தோலை அது அறுக்கிறது, தசைநாணையும் வெட்டுகிறது. பறவை துடிக்கத் துடிக்க நூல் மேலும் ஆழ இறங்குகிறது.

நதீம் ஷெஹ்சாத், முகம்மது சவுத் என்னும் உடன்பிறந்தார், இளமையில் அடிபட்ட பருந்தொன்றை அறநிலையப் பறவை மருத்துவமனை ஒன்றுக்கு எடுத்துச் சென்றனர். ஊனுண்ணும் பறவைக்கு அங்கே இடமில்லை என்று விடை கிடைத்தது. இதை எளிதில் பழித்துவிட இயலாது. திருக்குறளில் 25ஆம் அதிகாரம் அருளுடைமை. 26ஆம் அதிகாரம் புலால் மறுத்தல். அடுத்தடுத்து நிற்கும் அவ்விரண்டையும் ஒருசேரக் காக்க முயல்வோர், பருந்தின் முன் திகைத்துத்தான் நிற்பர். பருந்தைப் பேணுபவர் நாள்தோறும் இறைச்சி நறுக்கியாக வேண்டும்.

சகோதரர் இருவரும் மருத்துவம் பயின்றவர் அல்லர். உடற்பயிற்சியில் இருந்த ஈடுபாட்டால் தசையும் நாணும் எவ்வாறு இயங்குகின்றன என்பதைச் சிறிது அறிந்திருந்தனர், அவ்வளவே. 2010இல் ‘வைல்டுலைஃப் ரெஸ்க்யூ’ என்னும் அமைப்பை நிறுவினர். அவர்தம் கைகளில் தேறிய பறவைகள் ஆயிரக்கணக்கானவை. சவுனக் சென் இயக்கி 2022இல் வெளிவந்த ‘ஆல் தட் பிரீத்ஸ்’ ஆவணப்படம் அவர்களை உலகறியச் செய்தது.

இப்பணியில் கவிஞர்கள் ஊன்றி நோக்கத்தக்க கூறு ஒன்று உண்டு. பிற உயிர்களைப் பேணுவோர் அன்பு காட்டலாம். காட்டிற்கோ வானிற்கோ திரும்ப வேண்டிய வேட்டைப் பறவையிடம் காட்டலாகாது. தனியே மனிதர் கையால் ஊட்டி வளர்த்த குஞ்சு, மனிதரையே தன் இனமாகக் கொண்டுவிடும். பின்னர் இணை தேடவும் அறியாது, அஞ்சவும் அறியாது. ஆகவே ஊட்டுபவர் தம் முகத்தை மறைத்துக்கொள்வதுண்டு. தாய்ப்பறவையின் தலைபோல் செய்த பொம்மையைக் கையில் மாட்டி ஊட்டுவதுமுண்டு. வளர்ந்த பறவைக்கு மருந்திடுகையில் கண்ணை மூடித் துணியிட்டு, பேச்சையும் குறைத்துக்கொள்வர். கொஞ்சல் இல்லை, பெயரிட்டு அழைத்தல் இல்லை. தாய்மையின் உழைப்பு முழுவதும் உண்டு. தாய்மையின் இன்பம் மட்டும் விலக்கப்பட்டது.

இறகு ஒடிந்திருந்தால் இயல்பாக உதிர்ந்து முளைக்கும்வரை காத்திருக்க வேண்டும். சிலபோது ஓராண்டும் ஆகும். அதற்கு மாற்றாகப் பழைய வல்லூறு வளர்ப்போர் கண்ட முறை ஒன்று இன்றும் வழங்குகிறது. ஒடிந்த இறகின் உள்ளீடற்ற தண்டில் மெல்லிய மூங்கிற் சிம்பைச் செருகி, வேறொரு பறவை உதிர்த்த, அதே இடத்திற்குரிய இறகை ஒட்டுகின்றனர். ஒட்டுமாங்கன்று கட்டும் கைத்திறனே இது! பின்னர், நெடுங்கயிற்றைக் காலில் பிணைத்துப் பறக்கவிட்டு வலிமை சோதிப்பதும் உண்டு. நூலால் வீழ்ந்த பறவை நூலில் கட்டுண்டே மீண்டும் பறக்கப் பழகுகிறது.

எல்லாம் தேறுவதில்லை. தசைநாண் முற்றும் அறுந்தவை வானுக்கு மீள்வது அரிது. தேறியவற்றைக் கூண்டு திறந்து விட்டுவிடுகின்றனர். 2017இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் செயற்கை மாஞ்சாவுக்கு நாடு முழுவதும் தடை விதித்தது. அதன் பின்னரும் தில்லியில் ஆகஸ்டு மாதந்தோறும், அறுபட்ட இறக்கைகளோடு பருந்துகள் அட்டைப் பெட்டிகளில் அச்சகோதரர்களிடம் வந்தவண்ணமே இருந்தன.