அடுப்படிப் புகைக்கு ஒரு வழி

(தோட்டத் தலைவர்கள், மாதர் அணித் தலைவிகளுக்கான கருத்தரங்கில் சங்கத்தின் குடியிருப்பு, சுகாதாரப் பிரிவினர் ஆற்றிய உரை)



அடுப்பைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் பின்வரிசையில் சிலர் சிரித்ததைக் கண்டோம். சம்பளக் கணக்குக் கேட்க வந்த இடத்தில் அடுப்புப் பேச்சா என்று நினைத்திருப்பீர்கள். சரி, கணக்கிலிருந்தே தொடங்குவோம். 2022 ஏப்ரலில் 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர் 4,860 ரூபாவுக்குப் போனது. அப்போது நம் நாட்சம்பளம் 1,000 ரூபா. ஐந்து நாள் மலையேறி முழுப்பேர் வாங்கினால்தான் ஒரு சிலிண்டர். அதற்கு முன் 2021 கடைசியில் நாட்டில் பல இடங்களில் சிலிண்டர் வெடித்த செய்தி கேட்டு, காசு இருந்தவர்களும் பயந்துபோய் இருந்தார்கள். காஸ் அடுப்பை நம்பி விறகடுப்பை இடித்தவர்கள் எல்லாம் மறுபடி மூன்று கல்லைத் தேடினார்கள். சிலர் இஸ்தோப்பில் வைத்தார்கள். சிலர் படுக்கிற காம்பராவிலேயே வைத்தார்கள். அவசரத்துக்கு வைத்த அந்தக் கல் பல வீடுகளில் இன்னும் அங்கேயே இருக்கிறது.

விறகடுப்பு வேண்டாம் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. மிலாறு இருக்கிற வரை, சிலிண்டர் விலை இப்படி இருக்கிற வரை, விறகு நம் வீட்டை விட்டுப் போகாது. குளிர் காலத்தில் அந்த அடுப்படிதான் வீட்டில் கணகணப்பான ஒரே இடம். அடுப்பு இருக்கட்டும். ஆனால் புகை வெளியே போக வழி வேண்டும், நெருப்பு கூரையைத் தொடாத ஏற்பாடு வேண்டும். இதில் நாம் செய்யக்கூடியது பாதி, நிர்வாகம் செய்ய வேண்டியது பாதி. எது எந்தப் பாதி என்று தெரியாமல் இருப்பதால்தான் ஒன்றும் நடப்பதில்லை.

ஒரு லயத்துக் கதை சொல்கிறோம். தோட்டத்தின் பெயர் வேண்டாம். மழைக்காலம். கவ்வாத்து மலையிலிருந்து கட்டிக்கொண்டு வந்த மிலாறு ஈரம். காயட்டும் என்று அடுப்புக்கு மேலே பரணில் அடுக்கியிருந்தார்கள். நம் எல்லோர் வீட்டிலும் செய்வதுதான். காலை ஆறரைக்கு அடுப்பில் தணலை விட்டுவிட்டு மலைக்குப் போய்விட்டார்கள். மேலே அடுக்கிய விறகு பல நாளாக வெந்து வெந்து காய்ந்து, ஒரு பொறிக்குக் காத்திருந்தது. அந்த லயத்தில் நடுச்சுவர்கள் முகடு வரை போகவில்லை. கூரைக்கு அடியில் முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரை ஒரே வெளி. ஆறு வீடு போனது. பாடசாலைக்குப் போகாமல் நின்ற இரண்டு பையன்கள் ஒரு வயதான அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பிள்ளைகளின் கொப்பி, தாலிக்கொடி எல்லாம் சாம்பல்.

நிர்வாகத்தின் அறிக்கையில் ஒரே வரி: குடியிருப்பாளரின் கவனயீனம். அந்த வீட்டுக்காரர் புகைக்கூண்டு கட்டித் தரும்படி இரண்டு முறை கேட்டிருந்தார். வாயால் கேட்டார். எழுத்தில் ஒன்றும் இல்லை. நாங்கள் பேசப் போனபோது எங்கள் கையில் காட்ட ஒரு துண்டுக் காகிதம் கூட இல்லை. இது எங்களுடைய குறையும்தான். சங்கம் சம்பளப் பிரச்சினைக்கு எழுதிய அளவுக்கு அடுப்படிக்கு எழுதியதில்லை.

இனி அடுப்பை அமைப்பதைப் பற்றி. பலருக்கு அனகி அடுப்பு தெரியும். குயவர் செய்து சுட்ட மண் அடுப்பு, ஒரு வாயில் விறகு வைத்தால் இரண்டு சட்டி கொதிக்கும். மூன்று கல்லை விட விறகு நன்றாகக் குறையும். அதை வாங்கி அப்படியே தரையில் வைத்தால் சீக்கிரம் வெடித்துவிடும். புற்று மண், உமி, சாணம் குழைத்து நான்கு பக்கமும் கனமாக அப்ப வேண்டும். சீமெந்து பூசாதீர்கள், சூட்டில் பிளந்து கழன்றுவிடும். பூசியபின் நன்றாகக் காயவிட்டு, முதல் சில நாள் சின்ன நெருப்பு மட்டும் போடுங்கள். ஆனால் அனகியும் புகை தருகிற அடுப்புதான். விறகு குறைவதால் புகை குறையும், இல்லாமல் போகாது. அதற்கு மேலே கூண்டும் குழாயும் வேண்டும்.

நாங்கள் ஒரு லயத்தில் நான்கு வீடுகளுக்குச் செய்து பார்த்தோம். அடுப்பைச் சுவரோடு ஒட்டி இடுப்புயர மேடையில் வைத்தோம். குனிந்து ஊதும்போதுதானே முகம் புகைக்குள் போகிறது. அதன் மேலே, அடுப்பை விட எல்லாப் பக்கமும் அகலமாகச் செங்கல்லால் கூண்டு. அதிலிருந்து 8 அங்குலக் குழாய் நேராகக் கூரைக்கு மேலே. முதலில் 6 அங்குலம் போட்டோம், புகை பாதி திரும்பி வந்தது. கழற்றிப் பெரிதாக்கினோம். வளைவு வைக்காதீர்கள், தவிர்க்க முடியாவிட்டால் ஒன்று, அதுவும் சரிவாக. குழாயைக் குறுக்கே படுக்க வைத்துத் தாழ்வாரத்துக்கு அடியில் நீட்டி விடுவதுதான் இன்று அதிகம் காண்பது. அது புகைக்கூண்டே அல்ல. புகை பக்கத்து வீட்டுக்குப் போகும், பொறி கூரைக் கட்டைக்குப் போகும்.

அளவுகளை எழுதிக்கொள்ளுங்கள். குழாய் கூரையைத் தாண்டி வெளியே வரும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி உயர வேண்டும். 10 அடி தூரத்துக்குள் முகடோ வேறு எதுவோ இருந்தால் அதைவிட 2 அடி உயர்ந்து நிற்க வேண்டும். இல்லாவிட்டால் காற்று முகட்டில் மோதித் திரும்பிப் புகையை உள்ளே தள்ளும். தனித் தகரக் குழாய்க்கும் மரச்சட்டம், பலகை, சிலிங் எதற்கும் இடையில் 18 அங்குல இடைவெளி வேண்டும். கட்டை தொடர்ந்து சூடுபட்டால் உள்ளுக்குள் பக்குவமாகி, ஒரு நாள் பற்றிக்கொள்ளும். பிவிசி பைப்பைப் போட்டவரையும் பார்த்தோம். சிரிக்காதீர்கள், அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

குழாய்த் துண்டுகளை மாட்டுவதில் எல்லோரும் செய்கிற பிழை ஒன்று உண்டு. மேல் துண்டைக் கீழ்த் துண்டின் வெளிப்பக்கம் மாட்டுகிறார்கள். வீட்டுக்குள் வரும் பகுதியில் மேல் துண்டு கீழ்த் துண்டின் உள்ளே இறங்க வேண்டும். ஈர விறகின் புகையிலிருந்து கறுப்புத் தார் போல ஒன்று குழாயில் வழியும். உள்ளே இறங்கியிருந்தால் அது குழாய்க்குள்ளேயே வழிந்து எரிந்துபோகும். வெளியே மாட்டினால் மூட்டால் ஒழுகிச் சுவரில் வடியும். மூட்டுக்கு மூன்று ஆணி போட்டு இறுக்குங்கள்.

அஸ்பெஸ்டஸ் கூரை உள்ள வீடுகளில் நீங்களாக வாள் வைத்து அறுக்காதீர்கள். அந்தத் தூசு நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. சூடு தாக்கினால் அந்தத் தகடு வெடித்தும் தெறிக்கும். ஓட்டை போட்டுத் தகர விரிப்பு வைத்து மூடுவது நிர்வாகத்தின் மேசன் செய்ய வேண்டிய வேலை. கட்டடம் அவர்களுடையது, நாம் கை வைத்தால் அதற்கும் ஒரு கடிதம் வரும்.

விறகு. நல்ல அடுப்பும் ஈர விறகிடம் தோற்கும். கிராண்டிஸ் கட்டையை வெட்டிய உடனே பிளந்து அடுக்கினால் ஆறு மாதத்தில் காயும், முழுக் கட்டையாகப் போட்டால் ஒரு வருடத்திலும் காயாது. இரண்டு துண்டைத் தட்டிப் பாருங்கள். டக் டக் என்று கேட்டால் காய்ந்தது, மந்தமாகக் கேட்டால் ஈரம். டிக்கோயா, மஸ்கெலியாப் பக்கம் வைகாசி தொடங்கிப் பெருமழை, அதனால் தை, மாசி, பங்குனியில் அடுக்கி முடிக்க வேண்டும். பதுளை, பண்டாரவளைப் பக்கம் மழை ஐப்பசிக்குப் பிறகு. அங்கே ஆடி வெயில் காய்ச்சிக் கொடுக்கும். வெளியே, தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தி, மேலே மட்டும் தகரம் மூடுங்கள். பக்கங்களைப் படங்கால் சுற்றினால் ஈரம் உள்ளேயே நிற்கும். பரணில் விறகு வேண்டவே வேண்டாம். அன்றைக்கு வேண்டியதை மட்டும் அடுப்படிக்குக் கொண்டுவாருங்கள். விறகடுக்க ஒரு கொட்டகை கேட்பதும் நம் கோரிக்கையில் இருக்க வேண்டும். இடம் இல்லாமல்தானே பரணுக்குப் போகிறோம்.

பற்றவைக்கச் சொப்பிங் பேக், உர பேக், டயர்த் துண்டு போடுவதை விடுங்கள். அந்தப் புகை விறகுப் புகையை விட நஞ்சு, பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் ஒரு கைக்குழந்தை. தணல் மேல் மண்ணெண்ணெய் ஊற்றுவது அதைவிட மோசம். நெருப்பு போத்தல் வரை ஏறி வரும்.

இப்போது நாம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. மார்கழி, தையில் நுவரெலியாப் பக்கம் புல்லில் உறைபனி படியும்போது, ஒரு தாச்சியில் தணலை அள்ளிப் படுக்கிற காம்பராவில் வைத்துக் கதவைச் சாத்துகிற பழக்கம் உண்டு. புகை வரவில்லையே, வெறும் தணல்தானே என்பார்கள். அந்தத் தணலிலிருந்துதான் காபன் மொனொக்சைட் வருகிறது. நிறம் இல்லை, மணம் இல்லை, கண் எரியாது, இருமல் வராது. இரத்தம் ஒட்சிசனை எடுக்க வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. முதலில் தலைவலி, தலைசுற்று, குமட்டல், பிறகு தூக்கம். தூங்குகிறவருக்குத் தலைவலியும் தெரியாது. வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குத் தாயை விட அதிகம் பாதிக்கும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலிக்கிறது, வெளியே வந்தால் குறைகிறது என்றால் அது சளிக்காய்ச்சல் அல்ல. கதவைத் திறங்கள், எல்லோரையும் வெளியே கொண்டுவாருங்கள், 1990 சுவசெரியவுக்கு அழையுங்கள். ஆஸ்பத்திரியில் “உள்ளே தணல் வைத்திருந்தோம்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் வைத்தியருக்கு வேறு நோயாகத் தெரியும்.

குளிருக்கு அடுப்படியை ஒட்டிய சுவரின் மறுபக்கம் படுக்கையைப் போடுங்கள், செங்கல் கூண்டு இரவில் சூடு விடும். நாங்கள் செய்த நான்கு வீட்டில் இரண்டில் பாட்டிமார் அந்த இடத்துக்குச் சண்டை. ஆனால் சாக்கைத் திணித்து எல்லா இடுக்கையும் அடைக்காதீர்கள். காற்று உள்ளே வராவிட்டால் புகை மேலே போகாது. கதவுக்கடியில் கை நுழையும் அளவாவது திறந்திருக்கட்டும். முதுகோடு முதுகாகக் கட்டிய இரட்டை லயங்களில் பின் சன்னலே கிடையாது. அங்கே கூண்டு மட்டும் போதாது, முகட்டில் காற்றுத் துவாரமும் கேட்க வேண்டும்.

புகையை நம் ஆட்கள் பெரிதாக நினைப்பதில்லை. பாட்டியும் ஊதினாள், அம்மாவும் ஊதினாள். ஊதிய பாட்டிமாரின் இருமலையும் கண்ணையும் நினைத்துப் பாருங்கள். சமையல் அடுப்புப் புகையால் 2020 இல் மட்டும் உலகில் சுமார் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. சிகரெட் தொடாத நம் பெண்களுக்கு மூச்சடைப்பு வருவது தலைவிதி அல்ல.

மீதியை வேகமாகச் சொல்கிறோம். சாம்பலை மூடியுள்ள தகர வாளியில் அள்ளி வெளியே வையுங்கள், உள்ளே தணல் நாள் கணக்கில் உயிரோடு இருக்கும். தோட்டத்துக்குப் போடுவது அதற்குப் பிறகு. குழாயை மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை, ஒரு சங்கிலியையோ தடியில் கட்டிய சாக்கையோ விட்டுத் துடையுங்கள். குழாய் உறுமுகிற சத்தம் கேட்டால் உள்ளே தார் பற்றியிருக்கிறது. அடுப்பு வாயை மண்ணால் மூடுங்கள், ஆட்களை வெளியேற்றுங்கள், சூட்டுக் குழாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுப்படியில் ஒரு வாளி மணல் எப்போதும் இருக்கட்டும். சுட்ட புண்ணுக்குப் பற்பசை, மை வேண்டாம். குளிர்ந்த தண்ணீரை 20 நிமிடம் ஊற்றிப் பிறகு ஆஸ்பத்திரிக்கு.

கடைசியாகக் கடிதம். தலைவர்மார் ஒவ்வொருவரும் லயம் லயமாகப் போய் ஐந்து விடயம் குறித்துவாருங்கள்: கூண்டு இல்லாத வீடு எத்தனை, குழாய் கூரைக்கு அடியில் நிற்பது எத்தனை, நடுச்சுவர் முகடு வரை போகாத லயம் எது, கூரை தகரமா அஸ்பெஸ்டஸா, சிறுபிள்ளையும் கர்ப்பிணியும் நோயாளியும் உள்ள வீடு எது. மாதர் அணித் தலைவியும் கூடவே போக வேண்டும். ஆண்கள் மட்டும் போனால் இஸ்தோப்பில் நின்று எண்ணிவிட்டு வந்துவிடுகிறார்கள், கண்டிருக்கிறோம். அதை வைத்துத் துரைக்குக் கடிதம், பிரதி பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்துக்கும் பகுதியின் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும். கந்தோரில் கொடுக்கும்போது நம் பிரதியில் திகதியோடு கையொப்பம் வாங்காமல் திரும்பாதீர்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லாவிட்டால் அந்தப் பிரதியை மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள், பேச்சுவார்த்தை மேசைக்கு நாங்கள் கொண்டுபோகிறோம்.

மாதிரிக் கடிதமும் படிவமும் வாசல் மேசையில் இருக்கின்றன, தோட்டத்துக்கு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். மண்டபத்தின் பின்னால் ஓர் அனகி அடுப்பு வாங்கி வைத்திருக்கிறோம். மண்ணும் உமியும் குழைத்தாயிற்று. தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள், எப்படி அப்புவது என்று கையால் செய்தே பார்ப்போம்.