நீதிபதி நியமனமும் கிடப்பில் போன கோப்பும்

சரவெடிக்கும் பேரியம் உப்பு கலந்த பட்டாசுக்கும் தடை விதித்த தீர்ப்பு, 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்விலிருந்து வந்தது. சரம் பின்னுவது கைவேலை. திரியோடு திரி சேர்த்து நாள் முழுக்கப் பின்னிய சிவகாசிப் பெண்கள் தீர்ப்பின் பக்கங்களைப் படித்திருக்க மாட்டார்கள். வாரக் கூலி குறைந்தபோது விஷயம் புரிந்தது. இப்படித் தீர்ப்பெழுதும் நீதிபதி நாற்காலியில் யார் உட்காருவது, அவரை யார் தேர்ந்தெடுப்பது என்பது டெல்லிக்காரர்களின் கவலை மட்டும் அல்ல.

இந்தக் கேள்வி 1949 மே 24 அன்று அரசியல் நிர்ணய சபையில் எழுந்தது. தலைமை நீதிபதியின் சம்மதம் கட்டாயம் வேண்டும் என்று சென்னை மாகாண உறுப்பினர் போக்கர் சாகிப் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் ஏற்கவில்லை. இங்கிலாந்தைப் போல அரசே தனியாக நியமிப்பதும், அமெரிக்காவைப் போல செனட்டின் ஒப்புதலுக்கு விடுவதும் அவருக்கு ஒத்துவரவில்லை. தலைமை நீதிபதியும் மனிதர்தான், அவர் கையில் மறுக்கும் அதிகாரத்தைக் கொடுப்பது ஆபத்து என்றார். அதனால் 124, 217 ஆகிய பிரிவுகளில் இடம்பெற்றது ‘கலந்தாலோசனை’ என்ற சொல். இரு தரப்பும் உட்கார்ந்து பேசும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட சொல் அது.

நம்பிக்கையை முதலில் உடைத்தது அரசு. கேசவானந்த பாரதி வழக்கில் 1973 ஏப்ரல் 24 அன்று தீர்ப்பு வந்தது. மறுநாளே ஷெலத், ஹெக்டே, குரோவர் என்ற மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி ஏ.என். ரே தலைமை நீதிபதியாக அறிவிக்கப்பட்டார். மூவரும் அரசுக்கு எதிராகத் தீர்ப்பெழுதியவர்கள். மூவரும் பதவி விலகினார்கள். நெருக்கடி நிலையின்போது ஜபல்பூர் வழக்கில் தனித்து நின்று மாறுபட்ட எச்.ஆர். கன்னாவுக்கும் 1977-ல் அதே கதி.

பதிலுக்கு நீதித்துறை 1993, 1998 தீர்ப்புகளால் ‘கலந்தாலோசனை’க்கு ‘இசைவு’ என்று பொருள் சொல்லி, அதிகாரத்தைத் தன் மூத்த நீதிபதிகளின் கொலீஜியத்துக்கு எடுத்துக்கொண்டது. போக்கர் சாகிப் கேட்டுக் கிடைக்காதது, 44 ஆண்டு கழித்துத் தீர்ப்பு வழியாக வந்தது! அரசும் எதிர்க்கட்சிகளும் அபூர்வமாகச் சேர்ந்து 2014-ல் நிறைவேற்றிய நியமன ஆணையச் சட்டத்தை, 2015 அக்டோபர் 16 அன்று ஐந்தில் நான்கு நீதிபதிகள் செல்லாதென்றார்கள். மாறுபட்ட செலமேஸ்வர், கொலீஜியத்தின் ஒளிவுமறைவைக் கண்டித்தார்.

அதன் பிறகு சண்டை சட்டத்தில் இல்லை, கோப்பில். ‘வேண்டாம்’ என்று எழுதினால் காரணம் சொல்ல வேண்டும். கிடப்பில் போட்டால் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கறிஞரின் பெயர் 2022 பிப்ரவரியில் பரிந்துரையாகி, 2023 ஜனவரியில் மீண்டும் வலியுறுத்தப்பட்டும் நகரவில்லை. பிரதமரை விமர்சித்த ஒரு கட்டுரையை அவர் இணையத்தில் பகிர்ந்தாராம். நீதிபதி முரளிதரைச் சென்னைக்குத் தலைமை நீதிபதியாக மாற்றும் 2022 செப்டம்பர் பரிந்துரையும் அப்படியே கிடந்தது. அடுத்த ஏப்ரலில் கொலீஜியமே அதைத் திரும்பப் பெற்றது. சிவகாசி இருக்கும் விருதுநகர் மாவட்டத்தின் வழக்குகளைக் கேட்கும் மதுரைக் கிளையும் சேர்ந்த அந்த நீதிமன்றம், எட்டு மாதத்துக்கு மேல் பொறுப்புத் தலைமை நீதிபதியோடு ஓடியது.

அமெரிக்காவில் இதே வேலையைக் கட்சிகள் செய்கின்றன. உச்ச நீதிமன்றத்துக்கு 2016-ல் முன்மொழியப்பட்ட மெரிக் கார்லண்டின் பெயர் விசாரணையே இல்லாமல் 293 நாள் செனட்டில் கிடந்து காலாவதியானது. தேர்தல் ஆண்டில் நியமிக்கக் கூடாது என்று அன்று சொன்ன அதே குடியரசுக் கட்சி, 2020-ல் தேர்தலுக்கு எட்டு நாள் முன்பு ஏமி பாரெட்டை உறுதிசெய்தது. அதற்கு முன் 2005-ல் கட்சிக்கு ஏழு பேராகப் பதினான்கு செனட்டர்கள் உடன்பாடு கண்டு முட்டுக்கட்டையைத் தளர்த்தினார்கள். விவாதத்தை முடிக்க 60 வாக்கு வேண்டும் என்ற விதியைப் பெரும்பான்மையும் ஒழிக்கவில்லை, சிறுபான்மையும் அசாதாரண சூழல் தவிர மறிக்கவில்லை. 2013-ல் கீழ் நீதிமன்றங்களுக்கு அந்த விதியை ஜனநாயகக் கட்சி நீக்கியது. 2017-ல் உச்ச நீதிமன்றத்துக்கும் குடியரசுக் கட்சி நீக்கியது.

இங்கே சமரசம் என்றதும் ‘உன் ஆள் ஒன்று, என் ஆள் ஒன்று’ என்ற பேரம்தான் பலருக்கு நினைவு வருகிறது. 2018-ல் உச்ச நீதிமன்றத்துக்கான பரிந்துரையிலிருந்து நீதிபதி கே.எம். ஜோசப்பின் பெயரை மட்டும் அரசு பிரித்துத் திருப்பி அனுப்பியபோது நடந்ததும் பெயர்ச் சண்டைதான். இரண்டாம் முறை பரிந்துரைத்த பிறகு வந்த நியமனத்தில் அவர் பணிமூப்பு இழந்தார். பெயரை விட்டு நடைமுறையில் சமரசம் செய்வதே உருப்படும் வழி. ஆட்சேபத்தை அரசு எழுத்தில் தரட்டும், ஏற்கவும் மறுக்கவும் கொலீஜியம் காரணம் சொல்லட்டும், கோப்புக்குக் கெடு இருக்கட்டும். கெடுவை உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் சொல்லிவிட்டது: மீண்டும் வலியுறுத்திய பெயருக்கு மூன்று முதல் நான்கு வாரம். மற்றதை எழுதவேண்டிய, நீதிபதி நியமனத்துக்கான புதிய நடைமுறைக் குறிப்பின் வரைவு 2016 மார்ச்சில் அரசிடமிருந்து நீதிமன்றத்துக்குப் போனது. 2017 மார்ச்சில் பதிலோடு திரும்பியது. இன்னும் மேம்பாடு தேவை என்று அரசு அதே ஆண்டில் மறுபடி எழுதியது.