உடல் சொல்லும் சாட்சியம்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சில ஆண்டுகளுக்கு முன் நம் மஹல்லாவாசி ஒருவர் மவுத்தானார். வெளியூர்க் கல் அரைவை ஆலைகளில் இருபதாண்டுகள் உழைத்து, தீராத இருமலோடு ஊர் திரும்பியவர். மருத்துவச் சீட்டில் காசநோய் என்றே எழுதியிருந்தது. இழப்பீடு கோருவதற்காக அவருடைய துணைவியார் என்னிடம் சான்று கேட்டு வந்தார். நமது அடக்கப் பதிவேட்டைப் புரட்டினேன். பெயர் இருந்தது, நாள் இருந்தது, தொழில் இல்லை. அந்த அம்மையார் வெறுங்கையோடு திரும்பினார்.

கல்லிலும் மணலிலும் உள்ள சிலிக்கா தூசி நுரையீரலில் தழும்பை உண்டாக்கும், அத்தழும்பு ஆறாது. சிலிகோசிஸ் எனப்படும் இந்நோய் பல ஆண்டுகள் கழித்தே வெளிப்படலாம். எக்ஸ்ரே படத்தில் காசநோய் போலவே தோன்றும், காசநோயையும் வரவழைக்கும். உழைப்பால் வந்த நோய் என்று மெய்ப்பிக்க, அறிந்தவர் சாட்சி சொல்லவேண்டும்.

அவ்வாறு சாட்சி சொன்னவர்களுள் ஒருவர் டாக்டர் ஹபீபுல்லாஹ் சையத். 1966இல் தொடங்கப்பெற்ற அகமதாபாத் தேசியத் தொழில்வழி உடல்நல நிறுவனத்தில் ஆய்வாளராயிருந்து, பின்னர் அதன் இயக்குநராக உயர்ந்தவர். மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌர் பகுதியில், நம் பிள்ளைகள் எழுதிய சிலேட்டுக் குச்சிகளை அறுத்துத் தந்த தொழிலாளர்கள் இளவயதிலேயே மடிந்துகொண்டிருந்தனர். அவரும் அவருடைய குழுவினரும் அங்கே 593 பேரைப் பரிசோதித்தனர். பாதிக்கு மேற்பட்டோருக்கு சிலிகோசிஸ் இருந்தது. 1985இல் அம்முடிவு ஆய்விதழில் வெளியாயிற்று.

பின்னர் கேரளத்துக் காசர்கோட்டில் எண்டோசல்பான் தெளிக்கப்பட்ட ஊர்ச் சிறுவர்களிடையேயும் அவருடைய குழு ஆய்ந்தது. 2003இல் அது வெளிவந்தது. 2011இல் உச்ச நீதிமன்றம் அம்மருந்தைத் தடுத்தது. 2017இல் பாதிக்கப்பட்டோருக்குத் தலா 5 லட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது. ஆய்வுக்கும் ஆணைக்கும் இடையே கழிந்த ஆண்டுகளைப் பாருங்கள்! எழுதிவைத்த சாட்சியம் நீடித்து நின்றது.

தொழில்வழி நோய்க்கு இழப்பீடு என்பது 1923ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே உண்டு. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் நோய்ப் பட்டியல் இடம்பெற்றுள்ளது. அது தயவு அன்று, உரிமை. ஒப்பந்தத் தொழிலாளருக்கும் அவ்வுரிமை உண்டு.

சுரங்கமும் அனல்மின் நிலையமும் சூழ்ந்த நெய்வேலியில் வாழும் நாம் செய்யவேண்டியது எளியது. பணி அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, எக்ஸ்ரே படம் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். மருத்துவரிடம் நோயைச் சொல்லும்போது தொழிலையும் சொல்லுங்கள். இனி நமது பதிவேட்டில் ஒவ்வொருவர் பெயருக்கு எதிரிலும் அவர் செய்த தொழிலையும், செய்த இடத்தையும், ஆண்டுகளையும் எழுதவேண்டுமென நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன். இன்னொரு சகோதரி வெறுங்கையோடு திரும்பலாகாது.

உழைப்போரின் உரிமையைப் பேணும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.