தொகைக்கு முந்தைய பக்கங்கள்



வீட்டுக்கடன், பாகப்பிரிவினை, நில எடுப்பு வழக்கு என்று ஏதாவது ஒரு சந்தர்ப்பத்தில் சொத்து மதிப்பீட்டு அறிக்கை ஒன்று நம் கைக்கு வருகிறது. வந்ததும் கடைசிப் பக்கத்தைத்தான் புரட்டுகிறோம். தொகை மனசுக்கு ஒத்துவந்தால் மதிப்பீட்டாளர் கெட்டிக்காரர். குறைந்துவிட்டால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்கிறோம். இந்தக் கலையைத் தரம் பார்க்க வேண்டிய இடம் அதற்கு முந்தைய பக்கங்கள். கணக்குப் பரீட்சையில் செய்முறை எழுதாத விடைக்கு முழு மதிப்பெண் கிடையாது, இல்லையா? அதே கண்டிப்பு இங்கேயும் வேண்டும்.

ஒரு மனையை எடுத்துக்கொள்வோம். நாற்பதுக்கு அறுபது, அதாவது ஒரு கிரவுண்டு. தெருவின் நடுவில், முப்பது அடிச் சாலையில் இருக்கிறது. அதே லேஅவுட்டில் சமீபத்தில் பதிவான நான்கு கிரயங்கள் கிடைத்திருக்கின்றன. முதலாவது, கார்னர் மனை, சதுர அடி 4,200 ரூபாய். இரண்டாவது, அதே தெருவில் அரை கிரவுண்டு, 4,000 ரூபாய். மூன்றாவது, அண்ணன் தம்பிக்கு விற்றது, 2,600 ரூபாய். நான்காவதில் எழுதியிருக்கும் தொகை, அரசின் வழிகாட்டி மதிப்பை மனையின் பரப்பால் பெருக்கினால் வரும் தொகையோடு ரூபாய் பிசகாமல் ஒத்துப்போகிறது.

நான்கையும் கூட்டி நான்கால் வகுப்பது மதிப்பீடு ஆகாது. அண்ணன் தம்பி கிரயத்தில் பாசமும் குடும்பக் கணக்கும் கலந்திருக்கும். அது சந்தை விலைக்குச் சாட்சி சொல்லாது. நான்காவது பத்திரம் வழிகாட்டி மதிப்பு எவ்வளவு என்பதை மட்டுமே சொல்கிறது. உண்மையில் கைமாறிய பணத்தைப் பற்றி அதற்குச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டையும் விலக்கியதோடு, ஏன் விலக்கினேன் என்று எழுதுகிறவரே நல்ல மதிப்பீட்டாளர். கண்ணில் படாததுபோல விட்டுவிடுவது வேறு, காரணம் சொல்லி ஒதுக்குவது வேறு.

மிஞ்சியவை இரண்டு. கார்னர் மனைக்கு இரண்டு பக்கமும் சாலை, அதனால் விலை கூடுதல். பத்து விழுக்காடு கழித்தால் 3,780. சிறிய மனை பலருடைய கைக்கு எட்டும், போட்டி அதிகம்; ஐந்து விழுக்காடு கழித்தால் 3,800. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கின்றன. ஆனால் கேள்வி இங்கேதான் தொடங்குகிறது. பத்து ஏன்? பதினைந்தாக ஏன் இருக்கக் கூடாது? அதே பகுதியில் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஒரு கார்னர் மனையும் ஒரு நடு மனையும் விற்றிருந்தால், அந்த இரண்டு விலைகளுக்கும் உள்ள இடைவெளிதான் இந்தப் பத்துக்கு ஆதாரம். அந்த ஆதாரம் அறிக்கையில் இல்லையென்றால், கழித்த விழுக்காடு வேண்டிய தொகைக்கு இழுத்துக்கொண்டு போகப் பயன்பட்டதா என்ற சந்தேகம் வரத்தான் செய்யும். முடிவில் சதுர அடி 3,800 என்று கொண்டால் 91 லட்சத்துச் சொச்சம் வருகிறது. அதை 91 லட்சம் என்று முழுமையாகச் சொல்வது நேர்மை. தொண்ணூற்றொரு லட்சத்து இருபத்து மூவாயிரத்து நானூற்று ஐம்பத்தாறு என்று எழுதும்போது, கையிலிருக்கும் சான்றுகள் தராத துல்லியத்தைத் தருவதாகக் காட்டுகிறோம்.

இந்தச் சிந்தனை முறைக்கு நம் நாட்டில் நல்ல பாடநூலாக ஒரு தீர்ப்பே இருக்கிறது. புனே நில எடுப்பு தொடர்பான சிமன்லால் ஹர்கோவிந்த்தாஸ் வழக்கில் 1988இல் உச்ச நீதிமன்றம் வழங்கியது. மதிப்பீட்டுத் தேதியில் நின்று, வெளிச்சந்தையில் அந்த நிலத்தை வாங்க மனமுள்ள ஒருவராகத் தன்னை வைத்துப் பார்க்கச் சொல்கிறது அந்தத் தீர்ப்பு. சாலை முகப்பு, சீரான வடிவம், வளர்ந்த பகுதிக்கு அருகாமை எல்லாம் கூட்ட வேண்டியவை. உள்ளே தள்ளி இருப்பது, முகப்பு குறுகி நீளமாக ஓடுவது, மண் அடித்து நிரப்ப வேண்டிய பள்ளம் எல்லாம் கழிக்க வேண்டியவை. சின்ன மனையின் விலையைப் பெரிய நிலப்பரப்புக்கு அப்படியே பொருத்தக் கூடாது என்றும், 20 முதல் 50 விழுக்காடு வரை கழிக்க வேண்டியிருக்கும் என்றும் சொல்லிவிட்டு, காரணத்தையும் தருகிறது. பெரிய நிலத்தில் லேஅவுட் போட வேண்டும், சாலைக்கும் திறந்தவெளிக்கும் இடம் விட வேண்டும், வாங்குபவர் வரும்வரை போட்ட பணம் முடங்கிக் கிடக்கும். எந்த விழுக்காட்டுக்கும் பின்னால் இப்படி ஒரு நடைமுறைச் செலவோ காத்திருப்போ இருந்தாக வேண்டும் என்பதை இவ்வளவு தெளிவாகச் சொன்ன எழுத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

வழிகாட்டி மதிப்பே போதாதா என்று சிலர் கேட்பார்கள். 2017 ஜூனில் தமிழ்நாடு அரசு அதை 33 விழுக்காடு குறைத்தது. மறுநாள் காலையில் எந்த ஊரிலாவது மனை விலை மூன்றில் ஒரு பங்கு சரிந்ததா? அது முத்திரைத் தீர்வைக்கான அளவுகோல். அப்படிப்பட்ட பதிவேட்டை வைத்து நில எடுப்பு இழப்பீட்டுக்குச் சந்தை மதிப்பை முடிவு செய்ய முடியாது என்று 1994இல் ஜவாஜீ நாகநாதம் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

என்னை அதிகம் வருத்துவது ஒரே ஒரு வரிதான்: 'உள்ளூர் விசாரணையின் அடிப்படையில்'. எத்தனையோ அறிக்கைகளில் மொத்த வாதமும் இதற்குள் அடங்கிவிடுகிறது. யாரை விசாரித்தார், விற்றவரையா, வாங்கியவரையா, தரகரையா? அவர்கள் சொன்னது கேட்ட விலையா, படிந்த விலையா? இரண்டுக்கும் நடுவே பல லட்சம் வித்தியாசம் இருக்கலாம். விசாரணை தேவைதான், பத்திரத்தில் குறைத்து எழுதும் பழக்கம் உள்ள இடத்தில் அது இல்லாமல் முடியாது. ஆனால் விசாரித்த விவரத்தை எழுதாவிட்டால் படிப்பவருக்கு அதைச் சோதித்துப் பார்க்க வழியில்லை.

அடுத்த முறை அறிக்கை கைக்கு வரும்போது, ஒப்பிட்ட கிரயங்களின் ஆவண எண்ணும் பதிவான ஆண்டும் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். அந்த எண்ணும் ஆண்டும் இருந்தால், உரிய சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு, கட்டணம் கட்டி, பத்திர நகலை நீங்களே எடுத்துப் படித்துப் பார்க்கலாம்.